மலகூஸியா: மூக்கால் குடிக்க வேண்டிய ஒரு கிரேக்க வெள்ளை ஒயின்

கிரேக்க வெள்ளை ஒயின் என்று கேட்டால், கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு பெயர் சொல்வார்கள். ஒன்று ரெட்சீனா. பைன் மரப் பிசின் சேர்த்து நொதிக்க விடுகிற பழைய சரக்கு. பலருக்கு முதல் வாயிலேயே கசந்துவிடும். இன்னொன்று சாந்தோரினித் தீவில் விளையும் அசீர்த்திகோ. அதற்கு இப்போது உலகமெங்கும் பேர், விலையும் அதற்குத் தக்கபடி ஏறிவிட்டது. மலகூஸியாவைச் சொல்கிறவர்கள் குறைவு. கிரேக்கத்துக்குள் எந்த ஒயின் கடையிலும் இருக்கும். வெளியே வந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் அதை முதலில் குடித்தது வடக்குக் கிரேக்க நகரமான தெசலோனிகியில், கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில். ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். பாட்டில் ஐஸ் வாளியிலேயே வெகுநேரம் ஊறிக்கிடந்தது. தடித்த சின்னத் தம்ளரில் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார்கள். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேச்சு என்று நினைத்துக்கொண்டு மீனைச் சாப்பிட்டேன். எழுந்திருக்கும் நேரத்தில், தம்ளரின் அடியில் வெதுவெதுத்துப் போயிருந்த கடைசி வாயை எடுத்தேன். பீச் பழத்தையும் திருநீற்றுப்பச்சிலையையும் ஒன்றாகக் கசக்கியது மாதிரி ஒரு வாசம் எழுந்தது. அதுவரை முக்கால் பாட்டிலை வீணடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மலகூஸியாவின் சொத்தே அந்த வாசம்தான். புளிப்பு அதிகம் கிடையாது, அசீர்த்திகோ போல நாக்கை வெட்டாது. வாசத்தைத் தொலைத்துவிட்டால் மிச்சம் இருப்பது சுமாரான வெள்ளை ஒயின். எந்தப் பாட்டிலை வாங்குவது, எவ்வளவு குளிர வைப்பது, எதோடு சாப்பிடுவது என்று கீழே சொல்வதெல்லாம் அந்த வாசத்தைக் காப்பாற்றுகிற வழிகள்தான்.

அழியப்போன கொடி

மலகூஸியா என்பது ஒரு திராட்சை வகையின் பெயர். வாங்கப் போகுமுன் இந்தக் கொடியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். லேபிளைப் படிக்கும்போது உதவும்.

மலகூஸியாவின் பூர்வீகம் மேற்குக் கிரேக்கத்தில், நஃப்பக்தோஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதி என்று சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. தெசலோனிகிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வசிலிஸ் லோகொதெதிஸ் ஊர் ஊராகப் போய்ப் பழைய திராட்சை வகைகளைச் சேகரித்தவர். அவர் காப்பாற்றிய கொடிகளில் இதுவும் ஒன்று. அது நடப்பட்ட இடம் வடக்கே ஹல்கிதிகியில், சிதோனியா தீபகற்பத்தில் உள்ள போர்தோ கர்ராஸ் என்ற பெரிய தோட்டம். கப்பல் முதலாளி ஒருவர் உருவாக்கிய அந்தத் தோட்டத்துக்கு ஆலோசகராக இருந்தவர் பிரான்சின் போர்தோ (Bordeaux) நகரத்துப் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ.

அந்தப் பிரெஞ்சு நகரத்தில் படித்துவிட்டு வந்து, 1976இல் போர்தோ கர்ராஸ் தோட்டத்தில் ஒயின் தயாரிப்பாளராகச் சேர்ந்த இளைஞர் எவாங்கெலோஸ் யெரோவஸிலியு. சோதனைக்காக நட்டிருந்த கொடிகளில் மலகூஸியாவின் தரத்தைக் கண்டுகொண்டவர் அவர்தான். 1981இல், தெசலோனிகியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, எபனோமி என்ற ஊரில் இருந்த தன் குடும்பத் தோட்டத்தை அவர் புதுப்பிக்கத் தொடங்கியபோது மலகூஸியாவும் கூடவே போனது. அங்கிருந்து மற்ற தோட்டக்காரர்களுக்குப் பரவியது. ஏதென்ஸுக்குப் பக்கத்தில், அத்திக்காவில், ரொக்ஸானி மாட்சா என்ற பெண்மணி இதை நட்டுப் பேர் வாங்கினார். இப்போது கிரேக்கத்தின் வடக்கே உள்ள மகதோனியாவிலிருந்து தெற்கே பெலொபொன்னீஸ் வரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஒரு தலைமுறைக்குள் நடந்த விஷயம் இது.

இதில் உங்களுக்கு உதவுகிற செய்தி ஒன்று உண்டு. சாந்தோரினி, மந்தினியா போல இடப்பெயராலேயே அறியப்படும் ஒயின்களுக்குப் பழைய ஊர்ப்பாரம்பரியம் இருக்கிறது. மலகூஸியாவுக்கு அப்படி ஒரு சொந்த ஊர்ப்பெயர் கிடையாது. ஆகவே லேபிளில் ஊரைத் தேடாதீர்கள், கொடியின் பெயரைத் தேடுங்கள்.

முதல் வேலை: லேபிளைப் படிப்பது

ஏற்றுமதிப் பாட்டில்களில் ஆங்கில எழுத்திலும் பெயர் இருக்கும். சிலர் 'எஸ்' போட்டு எழுதுவார்கள், சிலர் 'இசட்' போட்டு எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். கடையில் கேட்கும்போது 'மலகூ' என்பதை நீட்டி, கடைசியில் 'ஸியா' என்று இழுத்து அழுத்திச் சொன்னால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒரே ஒரு திராட்சை வகையின் பெயரை லேபிளில் போட்டால் அந்தத் திராட்சை குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டும். ஆக, மலகூஸியா என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பகுதி அதுதான். இரண்டு பெயர் இருந்தால் கலவை. அசீர்த்திகோவும் மலகூஸியாவும் சேர்ந்த கலவை கிரேக்கத்தில் ரொம்பப் பிரபலம். எபனோமியிலேயே அப்படி ஒன்று செய்கிறார்கள். ஒன்றின் புளிப்பும் மற்றதன் வாசமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும். நல்ல ஜோடி. ஆனால் முதல் பாட்டிலாக அதை வாங்காதீர்கள். எது எதனுடைய வாசம் என்று பிரித்தறியத் தெரியாது.

கிரேக்க எழுத்து மட்டும் இருக்கிற லேபிளில் 'லெஃப்கோஸ் ஈனோஸ்' என்றால் வெள்ளை ஒயின். 'க்ஸிரோஸ்' என்றால் இனிப்பில்லாதது, அதைத்தான் வாங்க வேண்டும். 'இமிக்ஸிரோஸ்' என்றால் லேசான இனிப்பு, 'இமிக்லிகோஸ்' என்றால் இன்னும் கொஞ்சம் கூட, 'க்ளிகோஸ்' என்றால் முழு இனிப்பு. 'க்திமா' என்று தொடங்கும் பெயர்கள் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்களுடையவை.

வேடிக்கை என்னவென்றால், லேபிளில் இருக்கும் 'லெஃப்கோஸ் ஈனோஸ்' என்பதைச் சாப்பாட்டுக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். பேச்சில் 'ஆஸ்ப்ரோ க்ரஸி'. எழுத்துக்கு ஒரு சொல், வாய்க்கு ஒரு சொல் என்பது நமக்குப் புதிதா என்ன? 'க்ரஸி' என்ற சொல்லின் வேர் 'கலப்பது'. பண்டைய கிரேக்கர்கள் ஒயினில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். நீர் கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர்களின் பழக்கம் என்று நினைத்தார்கள். பழக்கம் போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது.

வருடம்

பெயருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது அறுவடை வருடம். பழைய ஒயின்தான் நல்ல ஒயின் என்ற எண்ணத்தோடு கடைக்குள் நுழைந்தால் இங்கே ஏமாறுவீர்கள். மலகூஸியா இளமையில் குடிக்க வேண்டியது. கடந்த வருட அறுவடையோ அதற்கு முந்தைய வருடமோ சரி. மூன்று வருடத்தைத் தாண்டினால் நான் தொடமாட்டேன். ஓக் பீப்பாயில் வைத்துச் செய்த சில பாட்டில்கள் இன்னும் தாங்கும், ஆனால் அவை விதிவிலக்கு.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு பெரிய கடையில் பாதி விலைக்கு நான்கு வருடப் பாட்டில் கிடைத்தது. வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில், குழல் விளக்குக்கு நேர் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தேன். பீச்சும் இல்லை, பச்சிலையும் இல்லை. நனைந்த வைக்கோல் வாசம். ஒளியும் சூடும் வாசமுள்ள ஒயினுக்கு எமன். ஜன்னல் ஓரத்திலோ விளக்கடியிலோ நிற்கும் பாட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பச்சையோ பழுப்போ நிறமுள்ள கண்ணாடி கொஞ்சம் பாதுகாப்பு.

மூடி கார்க்காக இருந்தாலும் திருகு மூடியாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். சீக்கிரம் குடிக்கிற ஒயினுக்குத் திருகு மூடி இன்னும் நல்லது என்பேன். கார்க் சில சமயம் ஒயினைக் கெடுக்கும். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அதுதான் காரணம். கடையில் வாங்கியதென்றால் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், உணவகமென்றால் மாற்றித் தரச் சொல்லலாம். கூச்சப்படத் தேவையில்லை.

எந்த மண்

முதல் பாட்டிலுக்கு இது முக்கியமில்லை. இரண்டாவது, மூன்றாவது வாங்கும்போது கவனியுங்கள். எபனோமி கடலோரம், மணல் மண். தோண்டினால் பழங்காலக் கிளிஞ்சல்கள் வரும். அங்கே விளைவது பழ வாசம் கூடிய, கொஞ்சம் சதைப்பற்றான ஒயின். பீச், பேரிக்காய், சில வருடங்களில் மாம்பழம்கூட. வடமேற்கே அமின்தியோ பக்கம் போனால் தோட்டங்கள் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன. இரவு குளிர்வதால் புளிப்பு கொஞ்சம் நிற்கும். எலுமிச்சைத் தோலும் புதினாவும் முன்னால் வரும். ஒரே கொடி என்று நம்புவது கஷ்டம்.

இந்தத் திராட்சை சீக்கிரம் பழுக்கும். ஆகஸ்டிலேயே அறுவடை ஆரம்பமாகிவிடும். பறிக்க ஒரு வாரம் தாமதித்தால் புளிப்பு இறங்கி, சர்க்கரை ஏறி, ஒயின் சோம்பலாகிவிடும். அவசரப்பட்டுப் பறித்தால் வாசம் முதிர்ந்திருக்காது. வாசத்தில் பெரும்பங்கு தோலில் இருப்பதால், நொதிக்க விடுமுன் சில மணி நேரம் சாற்றைத் தோலோடு குளிரில் ஊற வைப்பவர்கள் உண்டு. பின் லேபிளில் 'தோல் தொடர்பு' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால் வாசம் அடர்த்தியாக இருக்கும், நிறமும் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கும்.

விலை கிரேக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் 10 முதல் 20 யூரோவுக்குள். ஏற்றுமதியான நாட்டில் வரியும் கப்பல் கூலியும் சேர்ந்து ஏறும்.

குளிர வைப்பது

இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், என்னையும் சேர்த்து. ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். அங்கிருந்து நேராக எடுத்து ஊற்றினால் வாசம் எழவே எழாது. மலகூஸியாவுக்கு 9 முதல் 11 டிகிரி செல்சியஸ் சரியான சூடு, அல்லது குளிர், எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் இரவு முழுக்க இருந்த பாட்டிலை வெளியே எடுத்து 15 நிமிடம் வைத்தால் அங்கே வந்து நிற்கும். வெயில் ஊரில் 10 நிமிடமே போதும்.

ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டீர்கள், விருந்தாளி வந்துவிட்டார் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போடுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் முழுவதையும் அணைத்துக்கொள்ளும். கைப்பிடி உப்பு போட்டால் இன்னும் வேகம். 20 நிமிடத்தில் தயார். தயாரானதும் வாளியிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் போன கடையில் அதைத்தான் செய்யவில்லை.

ஊற்றுவது, முகர்வது

விலையுயர்ந்த கிளாஸ் வேண்டாம். கீழே அகன்று மேலே கொஞ்சம் குறுகிய கால் வைத்த கிளாஸ் எதுவானாலும் போதும். குறுகிய வாய் வாசத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மிச்ச இடம் வாசத்துக்கு. காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கைச்சூடு ஏறும்.

முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். அப்புறம் கிளாஸை மேசையில் வைத்தபடியே இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் பாட்டில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் முகர்வில் பழம் வரும். பீச், சில நேரம் ஆரஞ்சுத் தோல். இரண்டாவதில்தான் பச்சை வாசம் வரும். பச்சைக் குடமிளகாய் வெட்டியதும் எழுவது மாதிரி, புதினா மாதிரி, பெரும்பாலும் பேசில் இலை மாதிரி. மல்லிகை வருகிறது என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பாட்டிலில் வந்தது, மற்றதில் வரவில்லை.

பேசில் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சப்ஜா விதை தருகிற திருநீற்றுப்பச்சிலைதான் அது. அந்த இலையை விரலால் நசுக்கி முகர்ந்துவிட்டு கிளாஸுக்கு வாருங்கள், உடனே பிடிபடும். கிரேக்கர்களுக்கு அது சமையல் இலை என்பதைவிடக் கோயில் இலை. செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளன்று தேவாலயத்தில் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். சிலுவை புதைந்து கிடந்த இடத்தை இந்தச் செடிதான் காட்டிக்கொடுத்தது என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டு வாசலில் தொட்டியில் வளர்த்து, போகும்போது வரும்போது தடவிக் கையை முகர்வார்கள். சமையலில் போடுவது அவர்களிடம் பழைய வழக்கம் அல்ல.

இனி குடியுங்கள். சின்ன வாய் எடுத்து, விழுங்குமுன் நாக்கின் மேல் ஒரு சுற்று. இனிப்பு இருப்பது போலத் தோன்றும், ஆனால் இருக்காது. வாசம் பழ வாசமாக இருப்பதால் மூளை இனிப்பை எதிர்பார்க்கிறது. விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வாசம் பின்வழியாக இன்னொருமுறை வரும். பாதி கிளாஸ் தீர்ந்ததும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி முகருங்கள். சூடு ஏற ஏற வாசம் மாறுவதைக் கவனிப்பதுதான் இதில் பாதிச் சுவாரசியம்.

ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாதாரண பீரைப் போல இரண்டரை மடங்கு. தண்ணீர் கிளாஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

சாப்பாடு

புளிப்பு குறைவு என்று சொன்னேன் அல்லவா? அதனால் எலுமிச்சையைப் பிழிந்து தள்ளிய சாப்பாட்டோடு இதை வைக்காதீர்கள். சாப்பாட்டின் புளிப்பு ஒயினை அமுக்கிவிடும், தண்ணீர் குடித்தது போல் இருக்கும். எலுமிச்சையில் முங்கிய சுட்ட ஆக்டோபஸுக்கு அசீர்த்திகோதான் சரி. காரமும் ஆகாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், வாசத்தை மிளகாய் தின்றுவிடும்.

இலை வாசம் உள்ள சாப்பாடுதான் இதற்குச் சொந்தம். சோம்புக்கீரையும் புதினாவும் போட்ட அரிசியைத் திராட்சை இலையில் சுருட்டிய தொல்மாதாக்கியா, கீரையும் ஃபேட்டா சீஸும் வைத்த ஸ்பனகோபிதா, தக்காளிக்குள் அரிசி அடைத்துச் சுடும் யெமிஸ்தா, லேசான உப்போடு வறுத்த இறால், பொரித்த கணவாய், மூலிகை தடவிய கோழி. தயிரும் வெள்ளரியும் சேர்ந்த சாட்சிகியில் பூண்டு மிதமாக இருந்தால் ஒத்துப்போகும், கடை பாணியில் பூண்டு அள்ளிப் போட்டால் போகாது. என் ஓட்டு தொல்மாதாக்கியாவுக்கு. அந்த இலையும் இந்தச் சாறும் ஒரே வகைக் கொடியிலிருந்து வந்தவை, பழைய பந்தம்.

மிச்சம்

பாட்டில் தீராவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். மறுநாள் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் பச்சை வாசம் போய்ப் பழம் மட்டும் நிற்கும். அதற்கு மேல் சமையலுக்கு.

நேரில் போனால்

சாப்பாட்டுக் கடைகளில் 'ஹீமா' என்று ஒன்று இருக்கும். பாட்டிலில் அடைக்காமல் ஜாடியில் ஊற்றித் தரும் ஒயின். அதைக் கிலோக் கணக்கில் கேட்பார்கள்: 'மிஸோ கிலோ' என்றால் அரை லிட்டர் அளவுக்கு வரும். சல்லிசு, சில இடங்களில் அருமை. ஆனால் பெரும்பாலும் அது வேறு திராட்சை. மலகூஸியாவா என்று கேளுங்கள், ஆமாம் என்றாலும் முகர்ந்துவிட்டு நம்புங்கள்.

எபனோமிக்கு தெசலோனிகியிலிருந்து அரை நாளில் போய் வரலாம். யெரோவஸிலியு தோட்டத்தில் ஒரு ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கார்க் திருகிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கார்க்கைப் பிடுங்குவதற்கு மனிதன் இவ்வளவு யோசித்திருக்கிறானா என்று சிரிப்பு வரும். வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை தெரியும். சுவைத்துப் பார்க்கும் அறையில் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு இல்லை. வண்டி ஓட்டுகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும். கிரேக்கத்தில் ஓட்டுநருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், புதிய ஓட்டுநர்களுக்கு அதைவிடக் குறைவு. கடைசியில், வேண்டுமென்றே தாமதித்துப் பறித்த திராட்சையில் செய்த இனிப்பு மலகூஸியா கொடுத்தால் மட்டும் அந்த ஒரு வாயைத் துப்ப மனசு வராது. அதற்காகவே ஓட்டுவதற்கு வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.